ஒரு குத்பா நேரச் சூடு

என் மாமி, அதாவது என் மனைவியின் உம்மா, ஆறு வருஷமாக என்னைத் திட்டினார். அந்த ஆறு வருஷத்தில் ஒரு சொல்லைக்கூட அவர் என்னிடம் நேரே சொன்னது கிடையாது. இது எப்படி முடியும் என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் கலியாணம் முடிக்காதவர்கள்.

கிழக்கிலங்கையில் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். நானும் எழுபதுகளின் நடுவில் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். மாமா அதற்கு முன்பே மௌத்தாகி மண்ணுக்குள் போயிருந்தார். வீட்டில் மாமி, என் மனைவி, அவளுடைய தங்கை, நான் என்று நாலு பேர். மாமியும் மருமகனும் முகம் கொடுத்துக் கதைப்பது அந்த நாளில் மரியாதைக் குறைவு. மாமி உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பார். நான் முன்னறைக் கதிரையில் இருப்பேன். நடுவில் என் மனைவி. மாமி சொல்வது எனக்கு நன்றாகக் கேட்கும். நான் சொல்வதும் அவருக்குக் கேட்கும். ஆனாலும் என் மனைவி திருப்பிச் சொன்ன பிறகுதான் கேட்டதாக வைத்துக்கொள்வோம்.

"அவருட மில்லு நாத்தத்துல பச்சத் தண்ணி குடிக்கவும் ஏலாமக் கிடக்கு. மனுசனுக்கு மூக்குண்டு ஒண்டு இரிக்கா இல்லையாண்டு கேளுகா" என்று திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து வரும்.

"உம்மாவுக்குக் கொஞ்சம் மணக்குதாம்" என்பாள் என் மனைவி.

"புழுங்கல் அரிசிக்கு அந்த மணந்தான் ருசிண்டு செல்லு. அரிசி திங்கிறவங்க மூக்கப் பொத்திட்டா திங்கிறாங்கண்டும் கேளு."

"அவர் பாக்குறாராம் உம்மா."

இப்படித்தான் எங்கள் குடும்பம் சமாதானமாக இருந்தது. என் மனைவிக்கு மட்டும் அடிக்கடி தலையிடி வரும்.

திட்டுக்குக் காரணமான மில், வீட்டுக்குப் பின்னால் அதே வளவில் இருந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வந்து இறங்கத் தொடங்கிய காலம் அது. என் வாப்பா தந்த ஒரு துண்டு வயலை விற்று, ஒரு ஜப்பான் மெசினும் ஒரு பழைய பொயிலரும் வாங்கினேன். வயல் போய்விட்டதால் மெசினை வைக்க எனக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. மனைவியின் வளவில்தான் வைத்தேன். பெயர்ப் பலகையில் மட்டும் என் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டேன்.

புழுங்கல் அரிசி செய்வது பெரிய வித்தை இல்லை. நெல்லைச் சீமெந்துத் தொட்டியில் கொட்டி, பச்சைத் தண்ணீர் விட்டு மூன்று நாள் ஊற வைக்க வேண்டும். பிறகு நீராவியில் அவித்து, சீமெந்துத் தரையில் காயவைத்து, மெசினில் போட வேண்டும். கோளாறு அந்த மூன்று நாளில் இருந்தது. இரண்டாம் நாள் தண்ணீர் நுரைக்கும். மூன்றாம் நாள் அதன் மேல் ஆடை படரும். அந்தத் தண்ணீரைத் திறந்து விட்டால் கான் வழியே பின்வளவுப் பள்ளத்துக்குப் போய்த் தேங்கும். அந்த நாத்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. சோற்றுப் பானையை மூடி வைத்து மறந்துவிட்டு ஊருக்குப் போய் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், கழித்து வந்து திறந்தவர்களுக்குக் கொஞ்சம் விளங்கும்.

எனக்கு அது நாத்தமாகவே தெரியவில்லை. கரையோரத்தில் உள்ள எல்லா மில்லும் அப்படித்தான் நாறின. நாறாத மில்லைக் கண்டால் அங்கே வேலை நடக்கவில்லை என்று நினைத்துப் பாவப்படுவேன். யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். மணம் மட்டும்தான் அந்த மூக்குக்கு ஏறாது.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்துகொண்டிருந்தேன். பொயிலருக்கு விறகு வேண்டும். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்து ஊரிலிருந்த தென்னை, மா, பலா எல்லாம் சாய்ந்து கிடந்தபோது இரண்டு வருஷம் விறகைப் பற்றிக் கவலையே இருக்கவில்லை. அது முடிந்த பிறகு உழவு மெசினை, பின்னால் பெட்டி பூட்டி, மேற்கே காட்டுப் பக்கம் அனுப்ப வேண்டி வந்தது. முதலில் காலையில் போய்ப் பின்னேரம் வந்தது. பிறகு போன மெசின் அடுத்த நாள்தான் வந்தது. மரம் தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது. அதே நேரம் மில்லில் மலை போல உமி சேரும். அதை வண்டியில் ஏற்றி, களப்போரம், கடலேரிக் கரையில், கொட்டி, நெருப்பு வைப்போம். அது நாலைந்து நாள் புகைந்து கிடக்கும். காட்டிலிருந்து விறகை இழுத்து வந்து எரித்தோம். மில்லிலிருந்து உமியை இழுத்துப் போய் எரித்தோம். சில நாள் விறகு வண்டியும் உமி வண்டியும் சந்தியில் எதிரெதிரே நின்று, யார் முதலில் போவது என்று சண்டை பிடிக்கும். நான் போய் விலக்கிவிட்டு வருவேன். அப்போதும் எனக்கு மண்டையில் ஒன்றும் தட்டவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மனைவியின் தங்கைக்குக் கலியாணம் பேசினார்கள். அவளுக்கென்று அதே வளவில் ஒரு வீடு கட்டி முடிந்திருந்தது. என் ஊறவைக்கும் தொட்டியிலிருந்து இருபத்தைந்து எட்டு வைத்தால் அவளுடைய சமையலறை யன்னல். மாப்பிள்ளை தெற்கே ஓர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய வாப்பா பரிசாரி, நாட்டு வைத்தியர். வேரை முகர்ந்து பார்த்தே எந்த மண்ணில் முளைத்தது என்று சொல்லுவாராம். அப்படிப்பட்ட மூக்கோடு அவர் வீடு பார்க்க வந்தார்.

அவர் வந்த நாள், நெல் ஊறத் தொடங்கி மூன்றாம் நாள். தொட்டியைத் திறக்காமல் விட்டால் நெல் முளைத்துவிடும் என்று நான் பிடிவாதமாகத் திறந்துவிட்டிருந்தேன். பரிசாரி முன்னறையில் அமர்ந்து சலாம் சொல்லி முடிக்கவில்லை, பின்பக்கத்துக் காற்று உள்ளே வந்தது. அவர் சால்வை நுனியை மெல்ல மூக்குக்குக் கொண்டு போனார்.

"என்ன சாமான் அவியுது மகன்?"

"நெல்லு மாமா."

"எப்ப மௌத்தான நெல்லு?"

கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. எனக்குக் கோபத்தில் காது சூடானது. ஆனால் பெண் பார்க்க வந்தவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

இரண்டு நாளில், நடுவில் நின்று கலியாணம் பேசியவர் மறுமொழி கொண்டு வந்தார். "புள்ளையப் புடிச்சிரிக்கி. ஊடும் புடிச்சிரிக்கி. காத்துத்தான் புடிக்கல்லயாம். மாப்பிள்ள காலம் முழுக்க அந்தக் காத்துக்குள்ள இரிக்கணுமே எண்டு அவர் யோசிக்கிறார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சி ஒருக்கா வருவாராம். அப்பவும் இப்பிடித்தாண்டா வேற இடம் பாப்பாங்களாம்."

அவர் போன பிறகு திரைச்சீலை அசைந்தது. "என்ட புள்ளட கலியாணமா, அவருட மில்லா? ரெண்டுல ஒண்டுதான் இந்த வளவுல இரிக்கலாம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "உம்மா செல்றா, தங்கச்சிட கலியாணமா உங்கட மில்லா, ரெண்டுல ஒண்டுதான் இந்த வளவுல இரிக்கலாமாம்."

ஒரு சொல் குறைக்கவில்லை. சீனி தடவவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. வளவு அவளுடையது. மில்லைத் தூக்கிக்கொண்டு போ என்று சொன்னால் தூக்கிப் போய் வைக்க எனக்கு இடமில்லை. பழைய இரும்பாகத்தான் விற்க வேண்டும். வைத்திருந்தால் அந்தப் பிள்ளையின் கலியாணம் குழம்பும். கலியாணப் பெண்ணோ ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் போல எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நெஞ்சு இவ்வளவு நொந்திருக்காது.

பெருநாளுக்கு மூன்று மாதம் இருந்தது. நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் தொட்டியைச் சுற்றிச் சாம்பிராணிப் புகை போட்டேன். நாத்தமும் சாம்பிராணியும் சேர்ந்து, கந்தூரி நடக்கும் வீட்டில் எலி செத்த மாதிரி ஆனது. அடுத்து தண்ணீருக்குள் அத்தர் ஊற்றிப் பார்த்தேன். அந்த அரிசியை வாங்கிய கடைக்காரர் மூட்டையைத் திருப்பிக் கொண்டு வந்து, "இதச் சமைக்கிறதா, உடுப்புல பூசுறதா?" என்று கேட்டார். பிறகு நீளக் குழாய் போட்டுத் தண்ணீரைக் கடல் பக்கம் கொண்டு போகப் பார்த்தேன். பாதி வழி போகவில்லை, கரைவலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து குழாயின் மேல் வரிசையாகக் குந்திக்கொண்டார்கள். "உங்கட நாத்தத்த உங்கட வளவுக்குள்ள வச்சிக்குங்க. மீனுக்கும் மூக்கு இரிக்கி" என்றார் அவர்களில் ஒருவர். நான் வாயைப் பொத்திக்கொண்டு குழாயைச் சுருட்டி எடுத்து வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சம்பவம் நடந்தது. வெள்ளிக்கிழமையில் ஜும்ஆத் தொழுகைக்கும் அதற்கு முந்திய குத்பாப் பிரசங்கத்துக்கும் பாங்கு சொல்லும் முன்பே மில் காலியாகிவிடும். பொயிலரில் தீயை அடக்கி வைத்துவிட்டு, தீ போடுபவரிலிருந்து மூட்டை தூக்குபவர் வரை எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவோம். நெல் காயவைக்கும் பெண்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அன்றைக்குக் காலையில்தான் ஒரு தொட்டிக்குப் புது நெல் கொட்டித் தண்ணீர் விட்டிருந்தோம்.

தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், தொட்டியிலிருந்து ஆவி பறக்கிறது. தொட்டிக்கு மேலே நீராவிக் குழாய் ஒன்று போகும். அதில் தேங்கும் தண்ணீரை வடிய விட ஒரு சின்ன வால்வும், அதிலிருந்து தொங்கும் றப்பர் குழாயும் உண்டு. அந்த றப்பர் குழாயின் நுனி தொட்டிக்குள் கிடந்தது. வால்வு மூடித்தான் இருந்தது. ஆனால் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் தொப்பியைக் கழற்றி எறிந்தேன். தீ போடுபவரைப் பிடித்து உலுப்பினேன். "நான் உங்களுக்குப் பக்கத்துலதானே முதலாளி தொழுத" என்றார் அவர். அது உண்மைதான். மூட்டைக்காரர்களும் முன் வரிசையில்தான் இருந்தார்கள். எல்லோரும் ஆளையாள் பார்த்தோம். கடைசியில் தீ போடுபவர் குரலைத் தாழ்த்தி, பொயிலருக்குள் ஒரு ஜின் குடியிருப்பதாகத் தனக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு எண்ணம் என்றார். நான் அவரையும் ஜின்னையும் சேர்த்து ஏசிவிட்டு, அந்த நெல்லை அப்படியே போட்டுவிடச் சொன்னேன். வெந்த நெல் போனதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மனம் கேட்காமல் போய் ஒரு பிடி அள்ளி ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தேன். நடு வரை ஊறியிருந்தது. மூன்று நாள் ஊற வேண்டிய நெல் மூன்று, நாலு மணி நேரத்தில் ஊறியிருந்தது. சரி, போனால் போகட்டும் என்று அவித்தோம். காயவைத்து மெசினில் போட்டோம். அரிசி உடையாமல், நிறம் மங்காமல் வந்து விழுந்தது. தொட்டித் தண்ணீர் வெறும் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனது. கானுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து முகர்ந்தேன். அவித்த நெல் வாசம்தான் வந்தது. அன்றைக்கு வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஏச்சும் வரவில்லை. நான் அதையும் கவனிக்கவில்லை. அல்லாஹ் வெள்ளிக்கிழமையின் பரக்கத்தால், அந்த நாளின் அருளால், எனக்கு வழி காட்டிவிட்டான் என்று பூரித்துப் போயிருந்தேன்.

பரக்கத் என்று நம்பியதால் அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன். பாருங்கள், எப்படிப்பட்ட மூளை. சனிக்கிழமை நெல்லுக்கும் வெள்ளிக்கிழமை நெல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். அந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பிஸ்மி சொல்லி நானே வால்வைத் திறந்தேன். பயத்தில் கெதியாக மூடிவிட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக நின்றது. அது மூன்று நாளில் நாற வேண்டியது ஒரே நாளில் நாறிவிட்டது. அதற்கடுத்த வெள்ளி கூட நேரம் விட்டேன். நெல் வாய் பிளந்து, தொட்டி முழுக்கக் கஞ்சியானது. அதற்கடுத்த வெள்ளியும் கஞ்சிதான், கொஞ்சம் தடிப்பான கஞ்சி. அக்கம்பக்கத்து வாத்துகள் எல்லாம் கொழுத்து நடக்க முடியாமல் நடந்தன. பெருநாளுக்கு மூன்று கிழமை இருந்தது.

அந்த இரண்டாவது கஞ்சித் தொட்டிக்கு முன்னால் நான் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். ஆட்களைப் போகச் சொல்லிவிட்டேன். பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. திரும்பினால், வெள்ளை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மாமி. மில்லுக்குள் அவர் கால் வைத்து நான் கண்டதில்லை. நான் எழும்பி, மனைவி எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். அவள் இல்லை. நடுவில் ஆளில்லாமல் நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம். அவர் என்னைப் பார்க்காமல் பொயிலரைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"அண்டைக்கி அந்தக் குழாயத் தொறந்தது நான்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பொயிலருக்கும் விளங்கியிருக்காது.

"என்னத்துக்கு மாமி?"

"பழுதாக்கத்தான். நெல்லு பழுதாகினா உங்களுக்குக் கோவம் வரும். கோவத்துல மில்ல மூடிப்போட்டு உங்கட உம்மாட ஊட்ட போயிருவீங்கண்டு நினச்சன். ரெண்டு நாளையில நாங்க வந்து கூப்பிடுவம், நீங்க வருவீங்க. மில்லு மட்டும் மூடிக் கிடக்கும்."

என் குணத்தை அவ்வளவு சரியாகக் கணித்த ஒருவரை அதற்கு முன்பும் பின்பும் நான் சந்தித்ததில்லை. நான் அப்படியேதான் செய்திருப்பேன். கோபம் வந்தது, அதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டுக்குள் அவரும் சிரித்தாரா என்று தெரியவில்லை. கை மட்டும் முக்காட்டு நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"இத என்ட புள்ளட வாயால உங்களுக்குச் செல்ல ஏலா. அவள் என்ன நினப்பாள்? அதான் நானே வந்த."

"எவ்வளவு நேரம் தொறந்து வச்ச மாமி?"

"பள்ளியில குத்பாவுக்குப் பாங்கு செல்லக்க தொறந்த. குத்பா முடிஞ்சி தொழத் தொடங்கக்க மூடின. நீங்க கெதியா வந்திருவீங்கண்டு பயம். மூடக்க விரல வச்சிப் பாத்தன், சுள்ளுண்டிச்சி. கொதிக்கல்ல."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டார். அடுத்த நாள் காலையில் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து, "அவரச் சாப்பிட வரச் செல்லு" என்று பழையபடி என் மனைவி மூலம்தான் செய்தி வந்தது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் நானும், "வாறண்டு செல்லு" என்று அவள் மூலமே சொன்னேன்.

எங்கள் பள்ளி லெப்பை குத்பா நீட்டமாட்டார். அவர் குத்பா ஓதும் நேர அளவுக்கு வால்வைத் திறந்தோம். நெல் ஊறியது, வெடிக்கவில்லை, நாறவில்லை. சனிக்கிழமையும் சரியாக வந்தது, செவ்வாய்க்கிழமையும் சரியாக வந்தது. மில்லில் அது ஓர் அளவாகவே ஆகிவிட்டது. "முதலாளி, ஒரு குத்பா காணுமா, இன்னும் கால் குத்பா விடட்டா?" என்று தீ போடுபவர் கத்துவார். வெளியூரிலிருந்து ஒரு மௌலவி வந்து ஒரு வெள்ளிக்கிழமை குத்பாவை நீட்டு நீட்டென்று நீட்டியபோது மட்டும், வாசலுக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு மனம் பள்ளிக்குள் நிற்கவில்லை. தொட்டிக்குக் காவல் வைத்திருந்த பெண்ணிடம் பள்ளிச் சத்தத்தைக் கேட்டு மூடச் சொல்லியிருந்தேன். அன்றைக்கும் வாத்துகளுக்கு விருந்து. அதற்குப் பிறகு விரலை வைத்துப் பார்க்கும் முறையையே பிடித்துக்கொண்டோம்.

நாத்தம் போனது. ஆனால் விறகு இரண்டு மடங்கு போனது. அவிக்கவும் நீராவி, ஊற வைக்கவும் நீராவி. இந்தக் கணக்கில் போனால் காடு என் மில்லை விட்டு இன்னும் தூரப் போய்விடும். உழவு மெசின்காரர், "இனி விறகுக்குப் போறண்டா சோத்துப் பொட்டணம் ரெண்டு நாளைக்குக் கட்டணும்" என்றார். நான் சந்தியில் நின்று யோசித்தேன். எனக்கு முன்னால் உமி வண்டி களப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆறு வருஷமாகப் பார்த்த வண்டி. அன்றைக்குத்தான் அதை மறித்து, "திருப்பு" என்றேன். வண்டிக்காரர் நான் எதையோ மறந்துவிட்டேனாக்கும் என்று நினைத்தார்.

உமியைச் சும்மா அடுப்புக்குள் கொட்டினால் அது நெருப்பை அமுக்கிவிடும், எரியாது, புகையும். ஒட்டு வேலை செய்யும் ஒருவரைக் கூட்டி வந்து, பொயிலருக்கு அடியில் இரும்புப் பட்டைகளைப் படிக்கட்டு மாதிரிச் சரிவாக அடுக்கச் சொன்னேன். உமி மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படி இறங்கி வரும், காற்று கீழேயிருந்து படிகளுக்கு நடுவே நுழையும். முதல் கிழமை அது எங்களைப் படாத பாடு படுத்தியது. மில்லில் எல்லோருக்கும் கண் சிவந்து கண்ணீர் வடிந்தது. பார்த்தவர்கள் ஏதோ மௌத்துச் செய்தி என்று நினைத்து விசாரித்தார்கள். அயல் வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சாரனெல்லாம் சாம்பல் நிறமானது. அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அதுவும் இரண்டு தரம். பிறகு எண்ணெய்ப் பீப்பாய்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிப் புகைபோக்கியை உயர்த்தினோம். உமி விழும் வாயைச் சுருக்கினோம். சாம்பல் கறுப்பாக விழுந்த மட்டும் புகை வந்தது. சாம்பல் வெளுக்க வெளுக்கப் புகை குறைந்தது. அந்தச் சாம்பலைச் சட்டி பானை மினுக்கப் பெண்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். மிஞ்சியதைச் செங்கல் சூளைக்காரர்கள் அள்ளினார்கள்.

ஒரு தொட்டியில் ஊறி முடிந்த சுடுதண்ணீரைக் கானில் விடாமல் அடுத்த தொட்டிக்கு இறைத்தால் பாதிச் சூடு மிச்சம் என்று கண்டுபிடித்தது தீ போடுபவர். அவருக்கு வேலை குறைய வேண்டும், அதுதான் நோக்கம். இரண்டு தரம் இறைத்த பிறகு அந்தத் தண்ணீரை வாழைக்கு விட்டோம். மூன்று நாளைக்கு ஒரு தரம் நிரம்பிய தொட்டி இப்போது ஒவ்வொரு நாளும் நிரம்பியது. விறகு வண்டி வருவது நின்றது. உமி மலை கரைந்தது. பல வருஷம் கழித்து, சுற்றாடலைக் கெடுக்காமல் கைத்தொழில் செய்வது எப்படி என்று சொல்லித்தர ஒரு அதிகாரி வந்து கூட்டம் வைத்தபோது நானும் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். இதையெல்லாம் எந்த நோக்கத்தில் தொடங்கினீர்கள் என்று அவர் என்னைக் கேட்டார். மாமிக்குப் பயந்து என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் சும்மா தலையாட்டினேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நாலாம் நாள் பரிசாரி வந்தார். சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தியே வந்து, வீட்டுக்குள் வராமல் நேரே மில்லுக்கு நடந்தார். வேண்டுமென்றேதான். தொட்டியைச் சுற்றி வந்தார். வாழை அடியில் ஓடிய தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, கஷாயம் பார்க்கிற மாதிரி முகர்ந்தார். 

"இது எப்பிடி மகன் செஞ்ச?"

வீட்டுப் பின்வாசலில் மாமியின் வெள்ளை முக்காடு தெரிந்தது. உண்மையைச் சொன்னால், பெண்ணின் உம்மா மருமகனுடைய நெல்லைப் பழுதாக்க மில்லுக்குள் புகுந்தவர் என்று அந்த ஊருக்குக் கதை போகும். பிழை விட்டேன் என்று ஒப்புக்கொள்வதைப் போல எனக்குக் கசப்பான சாமான் உலகத்தில் வேறில்லை. ஆனாலும் விழுங்கினேன்.

"ஒரு வெள்ளிக்கிழம வால்வ மூட மறந்து பள்ளிக்குப் போயிட்டன் மாமா. என்ட பிழைதான். அது நல்லதா முடிஞ்சிச்சி."

பரிசாரி வாய்விட்டுச் சிரித்தார். எல்லோரும் முன்னறைக்கு வந்து அமர்ந்தோம். மாமி உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார். என் மனைவி அதன் ஓரத்தில் நின்றாள். காரியம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பரிசாரி தொண்டையைச் செருமினார்.

"இண்டைக்கி மணக்கல்ல. எனக்குச் சந்தோசம். ஆனா மனுசன் எப்பவும் ஒரே மாதிரி இரிக்க மாட்டான். நாளைக்கி மெசின் பழுதாகும், ஆக்கள் வராம நிப்பாங்க, நீங்க பழையபடி பச்சத் தண்ணிய ஊத்துவீங்க. அண்டைக்கி என்ட மகன் எங்க போற? எனக்கு ஒரு வாக்குத் தாங்க. திரும்ப ஒரு நாள் நாறினாலும் அண்டைக்கே மில்ல மூடுறண்டு செல்லுங்க. நான் இப்பவே நாள் வச்சிட்டுப் போறன்."

ஒரு நாள். பொயிலர் ஒரு நாள் படுத்தால் போதும், என் மில் முடிந்தது. முடியாது என்றால் அந்தப் பிள்ளையின் கலியாணம் இந்தக் கதிரையிலேயே முடிந்தது. அவள் சமையலறையில் பாத்திரத்தை வைக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது, கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பெயர்ப் பலகையைக் கழற்றுவதைப் பற்றி நினைத்துக்கொண்டே, ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"மில்லு மூடப்படாது."

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து வந்தது. என் மனைவியைப் பார்த்துச் சொன்ன குரல் இல்லை. சபைக்குச் சொன்ன குரல்.

"அது என்ட மகன்ட மில்லு. நாறினா நான் இரிக்கன், நான் பாத்துக்குவன். மூடுற வாக்கு இந்த ஊட்டுல ஒருத்தரும் தர மாட்டாங்க. அதுக்கு விருப்பமில்லாட்டி நீங்க வேற இடம் பாருங்க."

 ஆறு வருஷப் பழக்கம் விடுமா, என் மனைவி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "உம்மா என்ன செல்றாண்டா" என்று தொடங்கினாள்.

"கேட்டிச்சி மகள்" என்றார் பரிசாரி. அவர் திரைச்சீலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இப்பிடி ஒரு மாமி என்ட மகனுக்கும் கிடைக்கட்டும். எந்த மாசத்துல நாள் வைப்பம்?" என்று கேட்டார்.

எல்லோரும் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கினார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது, மில்லில் புகையே இல்லாத நாளில் அதற்கு நான் என்ன காரணம் சொல்வது?